நம்பும்படியான ஒரு மழை மிஷின்

வாசலில் மாட்டு வண்டி வந்து நின்றபோது நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். கொண்டையில் கடைசி ஊசியைச் செருகியபடி எட்டிப் பார்த்தேன்.

வண்டிக்குள் வைக்கோலை மெத்தை போலப் பரப்பி, அதன்மேல் புது ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். மாடுகளின் கொம்பில் பூ. முன்னால் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர். அவர் பின்னால் மூன்று நான்கு ஆண்கள். பித்தளைத் தாம்பாளத்தில் செவ்வந்தி மாலையும் எலுமிச்சம்பழமும் சூடமும் வைத்துக்கொண்டு நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி. யாரோ மாப்பிள்ளை வீட்டார் முகவரி தவறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"டீச்சரம்மா வீடு இதுதான?"

"ஆமா. நான்தான் டீச்சர். என்ன வேணும்?"

"சுந்தரபாண்டியத்துலருந்து வாரோம். மிஷினைக் கூட்டிட்டுப் போகணும்."

"எந்த மிஷினை?"

"மழை மிஷினை."

'எடுத்துக்கொண்டு' என்று அவர் சொல்லவில்லை. 'கூட்டிட்டு' என்றார். நான் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தேன்.

கொல்லைப்புறத்திலிருந்து என் வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்பொடியோடு வந்தார். அவருக்குப் பெயர் தேவசகாயம். பெயருக்கு ஏற்றாற்போல், சகாயம் கேட்டு வந்த மனுஷர் யாரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. 'முடியாது' என்று சொல்ல வேண்டிய இடத்தில் எப்போதும் வேறு ஏதாவது சொல்லுவார்.

"மிஷின்ல கொஞ்சம் ரிப்பேர் இருக்கு" என்றார்.

"எம்புட்டு நேரம் ஆகும் சார்?"

"செத்த நேரந்தான்."

அவர்கள் சந்தோஷமாக மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு எங்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். நான் கொண்டை ஊசியைத் திரும்பப் பிடுங்கினேன். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போக முடியாது என்று தெரிந்துவிட்டது.

மெத்தை மேகம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். என் வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் மெக்கானிக். காலையில் ரயிலில் போவார், பொழுது சாய வருவார், தலைமுடியெல்லாம் பஞ்சோடு. எங்கள் வீட்டில் தும்மாத சாயங்காலம் கிடையாது.

ஆலை முதலாளியின் அக்கா மகன் ராமராஜு. ஆலையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு, வேலை கிடையாது. பட்டணத்திலிருந்து வரும் பத்திரிகைகளை அந்த நாற்காலியில் உட்கார்ந்து படிப்பார். அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் விஞ்ஞானத் தொடர்கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. பஞ்சத்தில் வாடும் நாட்டில் ஓர் இளம் விஞ்ஞானி மேகத்தை இழுக்கும் யந்திரம் செய்கிறான், மழை பெய்கிறது, ஜமீன்தார் மகளைக் கல்யாணம் செய்துகொள்கிறான். ராஜபாளையத்தில் அதைப் படிக்காத ஆள் இல்லை. படிக்கத் தெரியாதவர்கள் டீக்கடையில் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

எங்கள் பக்கம் இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிக்கொண்டிருந்த காலம் அது. மேற்கே மலைமேல் மேகம் வந்து குந்தும். நாங்கள் எல்லோரும் அண்ணாந்து பார்ப்போம். அது மலையாளத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும்.

ராமராஜு அந்தக் கதையை நாடகமாக்கினார். விஞ்ஞானி வேஷமும் அவரே கட்டினார். ராஜபாளையத்தில் கொட்டகை போட்டு முதல் ஆட்டம். நானும் போயிருந்தேன்.

மேடையில் ஒரு வீணை. அதன்மேல் ஒரு நிலைக்கண்ணாடி. அவ்வளவுதான் யந்திரம். விஞ்ஞானி வீணையை மீட்டினார், கண்ணாடியை வானத்துக்குக் காட்டினார், மேலேயிருந்து கயிற்றில் மேகம் இறங்கியது. ஆலைப் பஞ்சில் செய்த மேகம். தாராளமாகச் செய்துவிட்டார்கள்.

"ஏலே, அது மேகமா மெத்தையா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அந்த மேகம் எதுக்குலே இவன்கிட்ட வரணும்? இவன் என்ன அதுக்கு மாமனா மச்சானா?" என்று இன்னொரு குரல்.

கொட்டகை குலுங்கியது. கயிறு பிடித்தவனும் சிரித்திருக்க வேண்டும். மேகம் பிடி விட்டு ஜமீன்தார் மகள் தலையில் விழுந்து, அவளை முழுசாக மூடிவிட்டது. ஜமீன்தார் மகளாக நடித்தவர் ஆலையின் கணக்குப்பிள்ளை. அடியிலிருந்து அவர் மீசையோடு வெளியே வந்தபோது ஒட்டிய கூந்தல் மேகத்திலேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு கதை எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது.

யந்திரத்துக்குக் கைப்பிடி உண்டா?

அந்த வார இறுதியில் ராமராஜு எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிடாதவர் போல இருந்தார். மோர் கொடுத்தேன்.

"டீச்சரம்மா, ஒரு சந்தேகம். கதையாப் படிச்சப்ப எல்லாரும் நம்பினாங்க. அதே கதைதான், அதே யந்திரந்தான். மேடைக்கு வந்ததும் ஏன் சிரிக்கிறாங்க?"

இதற்கு நான் அன்றைக்குச் சொன்ன பதிலை இன்றைக்கும் மாற்றிக்கொள்ளவில்லை. கதையில் 'ஒரு விசித்திர யந்திரம்' என்று ஒரு வரி எழுதிவிட்டு ஆசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். மிச்சத்தைப் படிக்கிறவர் தன் மனசில் கட்டிக்கொள்வார், தனக்குப் பிடித்த மாதிரி. மேடையில் அந்த விசித்திரத்துக்கு நாலு கால் வேண்டும். கைப்பிடி வேண்டும். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று தெரிய வேண்டும். (இப்போதும் சினிமாவில் யாராவது சந்திர மண்டலத்துக்குப் புறப்பட்டால் நான் கதவின் தாழ்ப்பாளைத்தான் பார்க்கிறேன். உள்ளே தாழ் போட வசதி இல்லாத வண்டியில் ஏறுகிறவனைப் பற்றி எனக்கென்ன கவலை?)

"அப்ப நம்புற மாதிரி ஒரு யந்திரம் நீங்க சொல்லுங்க" என்றார் ராமராஜு.

சொன்னேன். காற்றில் ஈரம் இருக்கிறது. அது துளியாக வேண்டுமானால் குளிர வேண்டும், ஒட்டிக்கொள்ள ஒரு தூசி வேண்டும். இது எட்டாம் வகுப்புப் பாடம். ஆகவே மிஷின் மேகத்தைக் கூப்பிட வேண்டாம். மேகம் தானாக வந்து மலைமேல் நிற்கும்போது, உப்பைப் பொடித்து உயரமான குழாய் வழியாக அதற்குள் ஊதட்டும். கூடவே ஐஸ் தூளும் போகட்டும்.

"பாகுந்தி! பாகுந்தி!" என்று ராமராஜு தெலுங்கில் குதித்தார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். சந்தோஷம் வந்தால் அவருக்குத் தமிழ் மறந்துவிடும்.

என் வீட்டுக்காரர் மட்டும் தலையை ஆட்டினார். "ஏட்டி எஸ்தர், ஐஸ் மதுரையிலருந்து வரணும். அது வந்து சேருததுக்குள்ள உன் மேகம் கொல்லத்துக்கே போயிரும்."

"நாடகந்தான? ஐஸ்னு பெட்டியில எழுதி வைங்க போதும்."

"எழுதி வச்சா எவன் பார்ப்பான்? ஜனத்துக்குச் சத்தம் வேணும், புகை வேணும்."

பல நாள் எங்களுக்குள் இதே சண்டை. சோறு போடும்போது சயன்ஸ், கை கழுவும்போது சத்தம். கடைசியில் இரண்டு பேரும் ஜெயித்தோம். ஆலையின் மூலையில் கிடந்த பழைய ஆயில் இஞ்சினை ராமராஜு மாமாவிடம் கேட்டு வாங்கினார். என் வீட்டுக்காரர் அதைச் சக்கரம் வைத்த கட்டையில் ஏற்றி, ஒரு காற்றாடியைப் பூட்டி, தகரக் குழாய் ஒன்றைப் பனைமரம் போல நிறுத்தினார். உடைந்த பாய்லரிலிருந்து ஒரு மீட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து முகப்பில் மாட்டினார். அதன் முள்ளைப் பின்னாலிருந்து நூலால் இழுக்கலாம்.

"இந்த மீட்டர் எதை அளக்குது?" என்று கேட்டேன்.

"ஜனங்களோட நம்பிக்கையை" என்றார்.

விஞ்ஞானியின் வசனத்தையும் நானே திருத்தினேன். 'இதோ மழை!' என்று அவன் முழங்குவதை அடித்துவிட்டு, 'காற்று அதிகமாக இருந்தால் பலிக்காது, மேகம் இல்லையென்றால் பலிக்காது' என்று எழுதினேன். இரண்டாம் அங்கத்தில் மிஷின் ஒரு தடவை தோற்கும்படியும் செய்தேன். ராமராஜு அழாத குறை. கதாநாயகன் தோற்கலாமா என்று கேட்டார். முதல் தடவையிலேயே பலித்தால் அதற்குப் பெயர் மந்திரம், சயன்ஸ் இல்லை என்று சொன்னேன்.

எங்கள் சபையின் பாஸ்டர் ஐயாவுக்கு விஷயம் எட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், மழையைத் தருகிறவர் யார் என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் என்னைப் பார்த்தார். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்த மீட்டர் முள்ளு எப்படிப்பா ஏறுது?" என்று கேட்டாராம்.

யுத்தம் முடிந்து சில காலம் கழித்து, வெளிநாட்டில் யாரோ ஆகாய விமானத்திலிருந்து எதையோ தூவி மேகத்தை மழையாக்கப் பார்க்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. என் வீட்டுக்காரர் அதை உரக்கப் படித்துவிட்டு, "ஏட்டி, உன் மிஷினைத் திருடிட்டானுக" என்றார். மீட்டர் வைத்திருந்தார்களா என்பது பேப்பரில் இல்லை.

மண் வாசனை

புது மிஷினோடு ஆட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்தது. சுற்றுப்பட்டிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள்.

இரண்டாம் அங்கத்தில் மிஷின் தோற்றபோது யாரும் சிரிக்கவில்லை. 'ச்சொ' என்று கொட்டகை முழுக்க ஒரு சத்தம். விஞ்ஞானி தலையில் கை வைத்து உட்கார்ந்ததும் முன்வரிசையில் ஒருவர், "விடாத, இன்னொருக்க ஓட்டு!" என்றார்.

மூன்றாம் அங்கத்தில் இஞ்சின் டுப் டுப் என்று உயிர் பிடித்தது. தரை அதிர்ந்தது. முள் ஏறியது. மேலே கட்டியிருந்த, ஓட்டை போட்ட இன்னொரு தகரக் குழாயிலிருந்து மேடைமேல் தண்ணீர் விழுந்தது. அந்த நேரம் பார்த்து நான் கொட்டகைக்குப் பின்னால், காற்று வரும் பக்கத்தில், காய்ந்து கிடந்த செம்மண்ணில் குடம் குடமாகத் தண்ணீர் தெளிக்கச் செய்தேன். இது என் யோசனை. சத்தமும் புகையும் அவருடையது என்றால், வாசனை என்னுடையது.

கொட்டகைத் தட்டி வழியாக அந்த மண் வாசனை நுழைந்ததும் கைதட்டல் நின்றுபோயிற்று. நான் ஓரமாக வந்து எட்டிப் பார்த்தேன். ஜனங்கள் மேடையைப் பார்க்கவில்லை. மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் துண்டால் கண்ணைத் துடைத்தார்.

எனக்கு உள்ளூர ஒரே பெருமை. நாடகம் ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். மிஷினை எங்கள் கொல்லையில் கொண்டுவந்து நிறுத்தி, தார்ப்பாயைப் போட்டு மூடினோம்.

வேப்பமரத்தடி

அதற்கு மூன்றாம் நாள் காலையில்தான் சுந்தரபாண்டியத்து வண்டி வந்தது.

தலைப்பாகைக்காரரின் பெயர் வெள்ளைச்சாமி. தாம்பாளத்தோடு வந்தவள் அவர் தங்கை கருப்பாயி. நான் வேப்பமரத்தடிக்குப் போய், நின்றபடியே சொன்னேன்.

"அய்யா, அது நாடகம். மிஷின் பொய்."

வெள்ளைச்சாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் குடுக்க ஏலாதுன்னு சொல்லுதீக. புரியுது. ஒருநா மட்டும் குடுங்க."

"குடுக்கக் கூடாதுன்னு இல்ல. நெசமாவே பொய்."

கருப்பாயி குறுக்கே வந்தாள். "பொய்யின்னா இம்புட்டு வெவரமாவா சொல்லுவாக? காத்தடிச்சா பலிக்காதுன்னு நாடகத்துல நீங்கதான சொன்னீக? பொய் சொல்லுதவுக எல்லாம் பலிக்கும்னுதான சொல்லுவாக?"

"அதுமட்டுமில்ல, அது மொதத் தடவ தோத்துச்சு" என்றார் வெள்ளைச்சாமி. "குறி சொல்லுத கோடாங்கிக்காரன் உடுக்கடிச்சா என்னிக்காவது தோத்துருக்கானா? தோத்ததைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இது நெசம்னு."

நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் அவர்கள் என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த நேரத்தில் மிஷினை எடுத்துப் போக ராமராஜு ராஜபாளையத்திலிருந்து வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் விளக்கேற்றியது போல ஆகிவிட்டது. என்னை ஓரமாக அழைத்தார்.

"டீச்சரம்மா, எதுக்கும் ஒரு தடவ ஓட்டிப் பாத்தா என்ன?"

"நீங்களுமா?"

"இல்ல... உப்பு நெசம், காத்தாடி நெசம். மேகமும் மலைமேல நிக்குது..."

"மீட்டர் நூலை இழுக்க நீங்கதான ஆள் வச்சீங்க?"

"நூல் இல்லாமலே ஏறினாலும் ஏறும்" என்றார். அவர் கண் என்மேல் இல்லை, மலைமேல் இருந்தது.

ஆட்களை எப்படியாவது பேசி அனுப்பிவிடலாம் என்றுதான் அதுவரை இருந்தேன். கருப்பாயி போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை அதை மாற்றியது.

"சட்டுனு ரிப்பேர் பாருங்க சார். நாடகம் பாத்த மறுநாள்லருந்து எறவையை நிறுத்திட்டோம். செடி தலை தொங்குது."

விசாரித்தேன். அவர்கள் கிணற்றில் ஊற்று இருந்தது. ஆனால் ஆழத்தில். தீவனம் இல்லாமல் மெலிந்த மாடுகளால் தண்ணீர் இறைக்கும் கமலையை இழுக்க முடியவில்லை. ஆண்களும் பெண்களும் கயிற்றில் கை தேய இறைத்து, பருத்தியை உயிரோடு வைத்திருந்தார்கள். மழைக்கு மிஷின் வந்துவிட்ட பிறகு எதற்குக் கை தேய்வது என்று கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"வண்டியைப் பூட்டுங்க" என்றேன்.

சுந்தரபாண்டியத்தில்

மிஷின் பலிக்காது என்று காட்டிவிட்டால் தீர்ந்தது என்பது என் கணக்கு. ஊருக்கு வெளியே, கண்மாய் ஓரத்தில் அதை நிறுத்தினோம். கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஊரே கூடிவிட்டது. மாலை போட்டு, சூடம் காட்டினார்கள். இஞ்சின் பழகிய நடிகன் போல முதல் சுற்றிலேயே கிளம்பியது.

ராமராஜு தாமே உப்பை அள்ளிப் போட்டார். குழாய் வழியாக அது வெள்ளையாகக் கிளம்பி ஒரு பனை உயரம் போயிற்று. அங்கே வீசிய காற்று அதைப் பிடித்து அப்படியே கூட்டத்தின்மேல் கொட்டியது. ராமராஜு கண்ணைக் கசக்கிக்கொண்டு "அய்யய்யோ" என்றார். எங்கிருந்தோ ஆடுகள் ஓடிவந்தன. முதலில் தரையை நக்கின, பிறகு மிஷினை நக்கின, பிறகு ராமராஜுவின் சில்க் ஜிப்பாவை நக்கின. ஒரு கிடா அவரை விடவே இல்லை. மேகம் மலைமேலிருந்து இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மேற்கே நகர்ந்தது.

"பாத்தீங்களா? பலிக்கல" என்றேன்.

வெள்ளைச்சாமி சந்தோஷமாகத் தலையாட்டினார். "மொதத் தடவ அப்படித்தான ஆகும்? நீங்கதான சொன்னீக? இன்னொருக்க ஓட்டுங்க!"

கூட்டம் முழுவதும் "இன்னொருக்க! இன்னொருக்க!" என்றது. ஆடுகளும் ஆவலாகத்தான் இருந்தன.

நான் இஞ்சினை நிறுத்தச் சொன்னேன். ஸ்பானரை வாங்கி, மிஷினின் முதுகுப் பலகையைக் கழற்றிப் போட்டேன். வெள்ளைச்சாமியைக் கூப்பிட்டு அந்த நூலை அவர் கையில் கொடுத்தேன்.

"இழுங்க."

இழுத்தார். முகப்பில் முள் ஏறியது. விட்டார், இறங்கியது. மறுபடி இழுத்தார். சுற்றி வந்து முன்பக்கம் பார்த்தார், திரும்பப் போய் இழுத்தார்.

"நான் இழுத்தா ஏறுது" என்றார் மெதுவாக.

"ஆமா."

"மேகத்துக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல?"

"ஒண்ணுமில்ல அய்யா."

அவர் நூலைக் கீழே போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். கருப்பாயி என் பக்கத்தில் வந்தாள்.

"மிஷின் பொய். சரி. அந்த மண் வாசன?"

"அது... நான் கொட்டகைக்குப் பின்னால தண்ணி தெளிக்கச் சொன்னது."

"அதுவுமா?" என்றாள்.

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னை வெறுமனே பார்த்தாள். பிறகு போய் மிஷினுக்குப் போட்ட மாலையைக் கழற்றி, உதறி, மாட்டுக்குத் தின்னக் கொடுத்தாள்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாத மனுஷர். சட்டையில் கையைத் துடைத்தபடி முன்னால் வந்தார்.

"குழாய் பொய். மீட்டர் பொய். ஐஸ் பெட்டிக்குள்ள என் சோத்துப் போணிதான் இருக்கு" என்றார். "ஆனா இஞ்சின் நெசம். அது நான் ரிப்பேர் பார்த்த இஞ்சின். ஒரு பம்பு மட்டும் கிடைச்சா, உங்க கிணத்துல இருக்கிற தண்ணியை மேல கொண்டாந்துருவேன். மேகத்துல இருக்கிறதுக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

வெள்ளைச்சாமி நிமிர்ந்தார். "இது நாடகத்துல வருமா, இல்ல நெசமா?"

"நெசம். மொதத் தடவையே பலிக்கும்."

பம்பு ராமராஜுவின் மாமாவின் மாந்தோப்பில் இருந்தது. ராமராஜு கண் சிவக்க, உப்பு அப்பிய ஜிப்பாவோடு அப்போதே கிளம்பிப் போனார். மறுநாள் வண்டியில் பம்போடு வந்தார்.

"மாமா எப்படிக் குடுத்தார்?" என்று கேட்டேன்.

"எதுக்குன்னு கேட்டார். மழை நாடகத்துக்குன்னு சொன்னேன்."

என் வீட்டுக்காரரும் ஊர் ஆட்களும் பம்பைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி ஒரு பாறைத் திட்டில் நிறுத்தினார்கள். இஞ்சின் மேலே, பம்பு கீழே, நடுவே ஆலையிலிருந்து வந்த நீளமான பெல்ட். அதை ஒட்டி, கழற்றி, திருப்பி மாட்டி, ஒரு பகல் முழுக்கப் போயிற்று. மொதத் தடவை பலிக்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். பெல்ட் தெறித்து ராமராஜுவின் தொப்பியைக் கிணற்றில் தள்ளியது. சுந்தரபாண்டியத்து ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்கள். தோற்றதனால் அவர்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அடுத்த தடவை குழாய் இருமியது. கறுப்பாகச் சேறு வந்தது. சேற்றோடு ஒரு தவளை வந்து விழுந்து, எல்லோரையும் ஒருமுறை முறைத்துவிட்டுப் போயிற்று. அதன் பிறகு தண்ணீர் வந்தது.

கத்துவார்கள், குலவை போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவரவர் வாய்க்காலுக்கு ஓடினார்கள்.

பிறகு

எல்லாம் பிழைத்துவிடவில்லை. மேட்டுப் பக்கத்துச் செடிகள் முன்னாலேயே போய்விட்டிருந்தன. கிணற்றடியை ஒட்டிய பருத்தி பிழைத்தது. மழை வெகு தாமதமாக, எங்கள் யாரையும் கேட்காமல், தானாக வந்தது. அதுவரை இஞ்சினும் பம்பும் சுந்தரபாண்டியத்திலேயே இருந்தன. விஷயம் தெரிந்து முதலாளி என் வீட்டுக்காரர்மேல் எரிந்து விழுந்தார். பிழைத்த பருத்தி அவர் ஆலைக்கே வந்த பிறகு, அந்த யோசனை தமக்கு முதலிலேயே தோன்றியது என்று ஊரில் சொல்ல ஆரம்பித்தார்.

தண்ணீர் ஓடத் தொடங்கிய அன்று சாயங்காலம் நாங்கள் கிளம்பும்போது கருப்பாயி சொம்பில் பானகம் கொண்டுவந்து கொடுத்தாள். காலெல்லாம் சேறு. என்மேல் இருந்த வருத்தம் தீர்ந்துவிட்டதா என்று அவள் முகத்தைப் பார்த்தேன், தெரியவில்லை. ராமராஜு மட்டும் சொம்பை வைத்துக்கொண்டு எங்கோ பார்த்தபடி இருந்தார்.

"என்ன சாமி யோசன?" என்று கேட்டாள்.

"அடுத்த நாடகம். சந்திர மண்டலத்துக்குப் போற மிஷின். நீங்க எல்லாரும் கண்டிப்பா வரணும். டீச்சரம்மாவே சயன்ஸ் பாத்துச் சொல்லுவாங்க."

இது எனக்கே அப்போதுதான் தெரியும்.

கருப்பாயி என் பக்கம் திரும்பினாள். "நெசத்தச் சொல்லுங்க டீச்சரம்மா. அங்க தண்ணி இருக்கா?"

"இல்ல. ஒரு சொட்டு கிடையாது."

அவள் சொம்பை வாங்கிக் கவிழ்த்து உதறினாள்.

"தண்ணியில்லாத ஊருக்குப் போறதுக்கு மிஷின் எதுக்கு? அதான் இங்கயே இருக்கோமே!"